இடக்கையால் பூசிய வாவி

இன்று காலை நனைத்து வைத்த தாள், தூரிகையை எடுக்குமுன்பே காய்ந்துவிட்டது. கச்சான் என்னும் வறண்ட மேல்காற்று தொடங்கிவிட்டது. இந்தக் காற்றில் ஈரத்தாளில் வண்ணம் விடுவது நடக்கிற காரியமில்லை என்று தெரிந்தும் ஆண்டுதோறும் ஒரு தாளைப் பாழாக்குகிறேன். நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாய்.

நாம் சனிக்கிழமை ஓவிய வகுப்பில் பழகியவர்கள். நீ கல்யாணக் கவுண் தைப்பவள். நான் தபாற்கந்தோரில் இருந்து ஓய்வு பெற்று, ஆரையம்பதியிலிருந்து பஸ்ஸில் வருபவள். பழம், குடம், இலை என்று தொடக்கப் பாடங்கள் முடிந்த கையோடு ஆசிரியருக்கு இடமாற்றம் வந்தது. மற்றவர்கள் கலைந்து போனார்கள். நாம் இருவரும் உன் வீட்டுப் பின் விறாந்தையில், வாவியைப் பார்த்தபடி தொடர்ந்தோம்.

குடம் வரையத் தெரிந்த நமக்குத் தண்ணீர் வரவில்லை. நாம் வரைந்த வாவியெல்லாம் நீலம் அடித்த மதில் போலவே நின்றது. தொலைபேசியில் ஏதோ குளிர் நாட்டுப் பெண் ஒருத்தி சொல்லிக்கொடுப்பதைப் பார்த்துச் செய்தோம். அவள் சொன்ன நேரத்துக்குள் கச்சானில் தாள் வறண்டுவிடும். மாரியில் ஊறியபடியே கிடக்கும். ஒருநாள் நீ தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தாய்.

"அவவுக்கு எங்கட காத்தத் தெரியுமா மச்சாள்? தாளப் பாரு."

குனிந்து, தாளின் மட்டத்துக்குக் கண்ணை வைத்துப் பார்க்கப் பழகினோம். ஈர மினுக்கம் நிறைய இருந்தால் வண்ணம் ஓடிவிடும். மினுக்கம் போய்விட்டால் வண்ணம் நின்ற இடத்தில் கோடாக ஓரம் கட்டிவிடும். இரண்டுக்கும் நடுவில் சிறிது நேரம் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கவே நமக்கு ஒரு வருடம் போனது.

பிறகு அந்த வானம். நூலக மண்டபத்தில் ஒரு கண்காட்சிக்குப் படம் கேட்டிருந்தார்கள். ஒரு பூச்சு காய்ந்த பின் அடுத்த பூச்சாக, மஞ்சள், ரோசா, அதன்மேல் மெல்லிய சாம்பல் நீலம் என்று நான் ஓர் அந்தி வானம் போட்டிருந்தேன். தேநீர் ஊற்ற உன் குசினிக்குப் போய்த் திரும்பினேன். உன் கையில் ஈரப் பஞ்சு இருந்தது. வானம் இருந்த இடத்தில் வெளிறிய கறை.

"என்ன செஞ்ச?"

"மேல கனத்துப் போச்சு மச்சாள். அதான் ஒத்தி எடுத்துவிட்டன்."

"ஆரக் கேட்டு எடுத்த?"

"கேட்டா விட்டிருப்பியா?"

தாளைச் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். கண்காட்சிக்கும் போகவில்லை. மாரி முழுவதும் நாம் பேசவில்லை.

தைப்பொங்கல் கழிந்து நீதான் அழைத்தாய். "கோவம் போச்சா?"

"போகல்ல."

"சரி, கோவத்தோடயே வா. நல்ல தடிப்பான தாள் ஒண்டு கொண்டு வா."

வந்தேன். நீ கட்டிலில் சாய்ந்திருந்தாய். உன் வலக்கை தோளிலிருந்து விரல்வரை வீங்கி, தலையணை மேல் கிடந்தது. மார்பில் கட்டி என்பதும், கொழும்பில் சத்திரசிகிச்சை முடிந்தது என்பதும் அப்போதுதான் எனக்குத் தெரியவந்தது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா நீ ஓடி வந்திருப்ப. நோய் வருத்தத்துக்காகப் போற கோவம் எனக்கு வேணாம்."

அதற்கு மேல் அதைப் பற்றிக் கதைக்க நீ விடவில்லை. படப் பலகையைக் கட்டிலில் நமக்கு நடுவே வைக்கச் சொன்னாய். யன்னலுக்கு வெளியே வாவி காலை வெயிலில் கிடந்தது. தாளை முழுக்க நனைத்தேன். நீ இடக்கையில் தூரிகையை எடுத்தாய். நான் வலக்கையில் எடுத்ததும் தடுத்தாய்.

"நீயும் இடக்கையாலயே பூசு. இல்லாட்டி உன்ட பக்கம் மட்டும் வடிவா வந்திரும்."

இருவரும் இடக்கையால் தடுமாறினோம். பலகையைச் சாய்த்தபோது உன் பச்சை என் பக்கம் வந்தது, என் நீலம் உன் பக்கம் போனது. நான் திருத்தப் போனேன். "விடு, விடு," என்றாய். விட்டோம். முதல்முறையாகத் தாளில் தண்ணீர் தண்ணீராக இருந்தது.

அதன்பின் நீ நெடுநாள் இருக்கவில்லை. அடக்கத்தில் நான் அழவில்லை. மற்றவர்களுக்கு அது குறையாகப் பட்டிருக்கலாம். அந்த அந்தி வானத்தைப் பற்றி நாம் பிறகு பேசவே இல்லை. என் வானம் சரியாகத்தான் இருந்தது என்று இன்றும் நினைக்கிறேன்.

வாவிப் படத்தை உன் மகள் மெல்பேர்னுக்குக் கொண்டுபோனாள். போன கிழமை அதைத் தொலைபேசியில் காட்டிக் கேட்டாள்: "அன்ரி, இதில எது அம்மாட பக்கம்?"

நெடுநேரம் பார்த்தேன். உன் பச்சையும் என் நீலமும் பிரியும் ஓரம் எங்கும் பிடிபடவில்லை.

"தெரியல்ல மகள்," என்றேன். அது உண்மை.

இப்போதும் வாவி வரைய உட்கார்ந்தால் முதல் பூச்சை இடக்கையாலேயே போடுகிறேன். கொஞ்சம் கோணலாகத்தான் போகிறது. திருத்துவதில்லை.