ஞாயிறு வரை ஆட வேண்டியிருக்கிறது

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். கல்யாண வேலையில் அம்மாவுக்கு முழங்கால் வலி கூடியிருக்குமே? நான் நன்றாக இருக்கிறேன். சிக்கலே அதுதான்.

இந்த ஆண்டு எந்தக் கோல்ஃப் போட்டியிலும் நான் முதல் இரண்டு நாளைத் தாண்டவில்லை; பின்தங்கியவர்களை வெள்ளியோடு அனுப்பிவிடுவார்கள், மற்றவர்கள் ஞாயிறு வரை ஆட வேண்டும். அதை நம்பித்தான் தங்கச்சி கல்யாணத்தை ஞாயிற்றுக்கிழமை வைத்தீர்கள். "வெள்ளிக்கிழமையே தோத்துட்டு வந்துடுவான்" என்றீர்கள். கோபமில்லை, நானும் பேருந்துக்கு டிக்கெட் எடுத்திருந்தேன்.

இன்று, இரண்டாம் நாளின் கடைசிக் குழியில், பந்து விழாவிட்டால் ஊருக்குக் கிளம்பலாம். பேருந்துக்கு நேரமாகிறதே என்று குறிகூடப் பார்க்காமல் தட்டினேன். ஆண்டு முழுக்க மூச்சடக்கி அடித்தபோதெல்லாம் விலகிப்போன பந்து, நேராக உள்ளே போய் விழுந்தது.

"அடப்பாவி, இன்னைக்குப் போயா உள்ள போடுவே?" என்றார் என் மட்டைப்பை தூக்கும் அண்ணன்.

பாதியில் விலகினால் அடுத்த ஆண்டு என்னைச் சேர்க்க மாட்டார்கள். நான் கல்யாணத்துக்கு வரவில்லை என்று தங்கச்சியிடம் அம்மாவையே சொல்லச் சொல்லுங்கள். என்னால் முடியாது.

இதைக் கொண்டுவருபவர் என் அறை நண்பர். தோற்றுவிட்டதால் என் டிக்கெட்டில் வருகிறார். ஆட்டம் பற்றிக் கேட்காமல் சாப்பாடு போடுங்கள். பந்தியில் என் இடத்திலேயே உட்காரட்டும். குடும்பமாக நின்று படம் எடுக்கும்போது மட்டும் அவரைக் கூப்பிட வேண்டாம்.

வாசலில் அவசரப்படுத்துகிறார்.

உங்கள் மகன்