கோட்டு போட்ட கண்டக்டர்

என் பிரியமான அப்பாவுக்கு,

நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. நினைவு நாளுக்குப் போஸ்டர் அடிக்க வேண்டும். கடையில் ஊரார் போஸ்டரையெல்லாம் மளமளவென்று முடித்துக் கொடுக்கிற எனக்கு, உங்களுடையதற்கு மட்டும் கை ஓடவில்லை. ஏன் என்று உங்களிடம்தான் சொல்ல முடியும்.

முதல் போஸ்டரை நீங்கள் பார்க்கவில்லையே. பார்த்திருந்தால் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டிருப்பீர்கள். நீங்கள் இறந்த அன்று மத்தியானமே அழுதுகொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். வேறு யாரையும் தொட விடவில்லை. சொந்தக்காரர்கள் பெயரையெல்லாம் வரிசையாகப் போடச் சொன்னார் சித்தப்பா. "ஏம்மா, எம் பேரு கூடவா வாணாம்?" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். நான் மசியவில்லை. கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலை போகிற பஸ்ஸில் ஆயுசு முழுக்கக் கண்டக்டராக இருந்தவருக்கு, ஓடுகிற பஸ்ஸிலிருந்து படிக்கிற மாதிரி போஸ்டர் வேண்டாமா? பெரிய முகம், பெரிய எழுத்தில் பெயர், காலையில் வடக்கனந்தல் வீட்டிலிருந்து எடுக்கிறோம் என்று ஒரே வரி. அவ்வளவுதான்.

இந்த வேலைக்கு நான் வந்ததிலிருந்து நீங்கள் செய்த கிண்டலும் அதுதானே? "இன்னாம்மா இது, எறும்பு ஊர்ந்துகினு போற மாரி எழுத்து? வண்டி கச்சிராயபாளையம் தாண்டறதுக்குள்ள பாதி கூட படிக்க முடியல" என்பீர்கள். எனக்குக் கோபம் வரும். அடுத்த போஸ்டரில் எழுத்தைப் பெரிதாக்கிவிடுவேன்.

அப்புறம் அந்தக் கோட்டு. அது நீங்கள் கேட்டது. என் கல்லூரி விழாவுக்கு டூட்டி முடிந்து காக்கியோடு வந்தீர்கள். யாரோ உங்களை வாட்ச்மேன் என்று நினைத்து, வண்டியை எங்கே நிறுத்துவது என்று கேட்டார். நீங்களும் சிரித்துக்கொண்டே இடம் காட்டினீர்கள். வீட்டுக்கு வந்த பிறகுதான் சொன்னீர்கள்: "நான் செத்தா போஸ்டர்ல கோட்டு போட்டு வுட்ரு. டையும் போடு. காக்கியோட போவ மாட்டேன்." எல்லாரும் சிரித்தோம். எனக்கு உள்ளே வலித்தது.

அதனால் போட்டேன். கறுப்புக் கோட்டு, சிவப்பு டை. கண்ணாடியை எடுத்தேன், நரைத்த தாடியை வழித்தேன், மீசையைக் கறுப்பாக்கினேன். "கலெக்டர் மாரி இருக்காரு" என்றார்கள் பார்த்தவர்கள். அன்று சாயங்காலமே ஆள் அனுப்பி, மலையில் ஸ்டாப் ஸ்டாப்பாக ஒட்ட வைத்தேன்.

மறுநாள் வாசல் கொள்ளாத கூட்டம். அம்மா மட்டும் தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் போனா மலையே எறங்கி வரும், பாரு" என்று அவளிடம் சொல்லிச் சொல்லி வைத்திருந்தீர்களே! எடுக்கிற நேரமும் வந்தது. மலையிலிருந்து ஒருவர்கூட வரவில்லை. "இத்தினி வருசம் ஏத்தி எறக்குனாரே, ஒருத்தருக்குக் கூட மனசு வரலியா?" என்று கேட்டாள். எனக்கும் அவர்கள்மேல் ஆத்திரம்தான்.

சில வாரம் கழித்து ஒரு திருவிழா போஸ்டர் வேலையாக வெள்ளிமலை போனேன். பஸ் ஸ்டாப் சுவரில் உங்கள் போஸ்டர் கிழியாமல் இருந்தது. அதற்குக் கீழேயே ஓர் அம்மா புளி மூட்டையோடு உட்கார்ந்திருந்தார். எப்போதாவதுதான் கீழே இறங்குவாராம்.

"ஏம்மா, நீ கள்ளக்குறிச்சிதான? இந்த வண்டியில ஒரு கண்டக்டரு வருவாரே, கண்ணாடி போட்டுகினு. நாங்க மூட்டையத் தூக்கிகினு ஓடியாந்தா, 'ஓடாதீங்க, வண்டி நிக்கும்'பாரு. அவர வேற ரூட்டுக்கு மாத்திட்டாங்களா?"

நான் சுவரைக் காட்டினேன். "இவருதாங்க. எங்கப்பா."

அவர் எழுந்து கிட்டே போய்ப் பார்த்தார். கோட்டைக் கையால் மறைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். "ஐயோ, இவரா! யாரோ பெரிய மொதலாளின்னு இல்ல நெனச்சிகினு இருந்தோம். பேரு எங்களுக்கு இன்னா தெரியும், கண்டக்டருன்னுதான கூப்புடுவோம்? தெரிஞ்சிருந்தா ஊரே வந்திருக்குமே!" என்று அங்கேயே அழுதார். அடுத்து வந்த பஸ்ஸில் அவர் ஏறவில்லை.

அப்பா, எழுத்து தூரத்திலிருந்து தெரிகிறதா என்று பார்த்தேன். யார் பார்க்கப்போகிறார்கள் என்று யோசிக்கவில்லை. உங்களுக்குப் பிடித்த முகத்தைப் போட்டு, அவர்களுக்குத் தெரிந்த முகத்தை அழித்துவிட்டேன். நீங்கள் ஆசைப்பட்டதைச் செய்ததற்கா இப்படி வருந்துவது? வேறு என்னதான் செய்திருக்க வேண்டும்?

அம்மாவிடம் சொன்னேன். "அப்ப அவுங்க மனசு இல்லாம இல்ல. தெரியாமதான் இருந்துட்டாங்க" என்றாள். அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டாள்.

இந்த முறை காக்கிதான். கண்ணாடி, தாடி, தோளில் பை. பெயருக்கு மேலே, பெயரைவிடப் பெரிதாக, 'நம்ம கண்டக்டர்'. கோட்டுப் படத்தையும் பக்கத்தில் போடேன் என்று அம்மா கெஞ்சினாள். ஒரு போஸ்டரில் இரண்டு முகம் போட்டால் இரண்டுமே மனதில் நிற்காது. கோட்டுப் படத்தைப் பெரிதாக்கி வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறேன். கோபம் வந்தால் வரட்டும், வந்து திட்டிவிட்டுப் போங்கள்.

இப்போது ஆள் அனுப்பப்போவதில்லை. நானும் அம்மாவும் உங்கள் பஸ்ஸிலேயே ஏறிப் போய் ஊர் ஊராக ஒட்டுவோம். ஒட்டியதும் திரும்பிவிடாமல் அங்கேயே நிற்போம். யாராவது உங்களை அடையாளம் கண்டு அழுதால், தனியாக அழ விடமாட்டோம்.

உங்கள் மூத்த மகள்,
செல்வி