என் 412 மேற்கோள்களை மறுபரிசீலனை செய்யக் கோருதல்

அனுப்புநர்
இணைப் பேராசிரியர்,
வேதியியல் துறை, ஆய்வகம் 6.

பெறுநர்
பதிவாளர் அவர்கள்,
பல்கலைக்கழக நிர்வாக அலுவலகம்.

பொருள்: எனக்கு வழங்கிய முதலிடத்தை நிறுத்தி வைக்கவும், சக ஆசிரியரின் பணிநீக்கத்தைத் தடுக்கவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்கோள் எண்ணிக்கையில் நானே முதலிடம் என்ற தங்கள் பாராட்டுக் கடிதம் கிடைத்தது. என் முப்பத்தொரு கட்டுரைகளில், படிகம் வளர்க்கும் முறையைப் பற்றிய ஒன்றை மட்டும் 412 பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். என்னதான் எழுதியிருக்கிறார்கள் என்று ஆசையாகப் படிக்க உட்கார்ந்தேன். படிக்காமலே இருந்திருக்கலாம்.

2. பெரும்பாலோர் எழுதியிருந்தது, இம்முறையில் படிகம் கிடைக்கவில்லை என்பதே. நானே மூன்று முறை செய்து பார்த்தேன். குடுவையில் கலங்கல்தான் மிஞ்சியது. பதினோரு ஆண்டுகளுக்கு முன் என் கண்ணெதிரே மின்னியது பின் என்ன?

3. ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளரைத் தொலைபேசியில் கேட்டேன். “கரைப்பான் பாட்டில் மூடி விரிசல் விட்டிருந்துச்சு மேடம். ஈரம் ஏறியிருக்கும்னு அன்னிக்கே சொன்னேனே” என்றார். சொன்னாரா? எனக்கு நினைவில்லை. கட்டுரையில் நான் எழுதியிருந்ததோ, ஈரமே இல்லாத கரைப்பான் என்று.

4. அடுத்த அறை உதவிப் பேராசிரியரை மாணவர்கள் ‘சந்தேகம் சார்’ என்பார்கள். ஒரு சொட்டு நீர் சேர்த்தால்தான் அந்தப் படிகம் வரும் என்று நான்காண்டுகளுக்கு முன்பே எழுதியவர் அவர். மேற்கோள்கள்: ஆறு. பொறாமையில் எழுதுகிறார் என்று நான் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. சென்ற வாரம் அவர் எழுதியபடியே செய்தேன். இருபது நிமிடத்தில் படிகம் விழுந்தது.

5. இதழுக்குத் திருத்தம் அனுப்பிவிட்டு, மதிப்பீட்டுப் பிரிவில் என் எண்ணிக்கையைக் குறைக்கக் கேட்டேன். “திட்டி எழுதினாலும் கணக்குல ஒண்ணுதான் மேடம். இந்தத் திருத்தத்தையும் நாலு பேர் காட்டுவாங்க, இன்னும் ஏறும்” என்றார் எழுத்தர். அவர் மேசையிலேயே இன்னொரு தாளும் கிடந்தது. மேற்கோள் போதாததால் சந்தேகம் சாரின் பணி இம்மாத இறுதியோடு முடிகிறதாம். தப்பாகச் சொன்னவளுக்குப் பாராட்டு, சரியாகச் சொன்னவருக்கு வாசல். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

6. மன்னிப்புக் கேட்க அவர் அறைக்குப் போனேன். புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, “எத்தனை சொட்டு விட்டீங்க?” என்று மட்டும் கேட்டார்.

எனவே, அவரது ஆறு மேற்கோள்களையும் என் 412-ஐயும் யாராவது ஒருவர் எண்ணாமல் படித்துப் பார்க்க ஆவன செய்ய வேண்டுகிறேன். இது புகாரா, ஒப்புதல் வாக்குமூலமா என்று எனக்கே விளங்கவில்லை. எந்தக் கோப்பில் வேண்டுமானாலும் சேருங்கள். முப்பதாம் தேதிக்குள் அவர் கோப்பை மட்டும் மூடிவிடாதீர்கள்.

இடம்: ஆய்வகம் 6
நாள்: 18.06.2024

தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
இணைப் பேராசிரியர்