தீர்த்தத்தின் கையிலும் இருந்த தேள்

சென்னை,
7-2-1941

அன்புள்ள அம்மாவுக்கு, பெரியம்மாள் வணங்கி எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

நான் பாடம் சொல்லும் பள்ளிக்கூடத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. என் முன்கையில் பச்சை குத்தியிருக்கும் தேளைச் சித்திர ஆசிரியை பார்த்துவிட்டு, நல்ல கலை என்று காகிதத்தில் வரைந்துகொண்டார். தலைமை ஆசிரியைக்கோ பிடிக்கவில்லை. "படிச்சவ கையில இதென்ன பட்டிக்காட்டுத்தனம்? டாக்டர்கிட்ட போய் எடுத்துடும்மா" என்றார்.

நானும் போனேன். டாக்டர் மருந்தை எடுத்தபோது தங்கை தீர்த்தத்தின் நினைவு வந்தது. எங்கள் இருவருக்கும் ஒரே நாளில்தானே குத்தினார்கள்? அவள் வலியில் அழுதபோது நீங்கள் சொன்னீர்கள்: "அழுவாத கண்ணு. மேல போனாலும் அக்காளும் தங்கச்சியும் இதப் பாத்துத்தான் ஒருத்திய ஒருத்தி கண்டுக்குவீங்க." அடுத்த வருஷமே அம்மை கண்டு போய்விட்டாள். இதையெல்லாம் நம்பாத நான், கையை இழுத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன்.

இனிமேல் கையை மூடிக்கொண்டு வர வேண்டுமாம். பாப்பிரெட்டிப்பட்டியில் துணி எடுத்து, மணிக்கட்டு வரை கை வைத்த ரவிக்கை இரண்டு உங்கள் கையாலேயே தைத்து அனுப்புங்கள். வலது கை மட்டும் கொஞ்சம் தளர்வாக இருக்கட்டும். அறையில் தனியாக இருக்கும்போது மேலே சுருட்டிவிட்டுப் பார்த்துக்கொள்வேன்.

தபால் எடுக்க ஆள் வந்துவிட்டான்.

உங்கள் மகள்,
பெரியம்மாள்