அடுப்பு மூட்டச் சொன்ன பாட்டு

என் எஸ்தருக்கு,

நன்றாக இருக்கிறாயா என்று கேட்கத்தான் முதலில் கை வருகிறது. கேட்டு என்ன செய்ய? அங்கே எல்லாரும் சுகமாக இருப்பார்கள் என்று எத்தனையோ பாட்டில் நீயே எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறாய்.

ஊரில் ஒரு விசேஷம். போன ஞாயிற்றுக்கிழமை நான் மைக்கில் பேசினேன். நீ சிரிப்பது தெரிகிறது. செஞ்சி முழுக்க மைக் செட் கட்டுகிறவன் நான். கல்யாணம், காதுகுத்து, சாவு, ஆடி மாசக் கூழ், கிறிஸ்துமஸ் என்று ஒன்றையும் விட்டதில்லை. ஆனால் 'ஹலோ, மைக் டெஸ்டிங்' என்பதற்கு மேல் மைக்கில் ஒரு வார்த்தை பேசியிருப்பேனா? அப்படிப்பட்டவன் பேசினேன். அதுவும் உன்னைப் பற்றி. நீ எனக்கு மட்டும் சொல்லி வைத்திருந்ததைப் பற்றி. அதனால்தான் இந்தக் கடிதம். உன்னிடம் சொல்லாமல் எப்படி இருப்பது?

அதற்கு முன்னால் என் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். நான் இன்னும் அழவில்லை, எஸ்தர். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவளைத் துணி சுற்றிக் கொண்டுவந்தார்கள். உன் சாவுக்கும் நானே மைக் செட் கட்டினேன். வேறு ஆளை வைக்கலாம் என்று எல்லாரும் சொன்னார்கள், நான் கேட்கவில்லை. உன் பாட்டைப் போட்டதும் தெருவே அழுதது. எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? ட்ரெபிள் கொஞ்சம் தூக்கலாக இருக்கிறதே என்று தோன்றியது. எழுந்துபோய்க் குறைத்தேன். அன்றைக்கு எப்படி இருந்தேனோ அப்படியேதான் இன்றைக்கும் இருக்கிறேன். சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், ஒயர் சுற்றுகிறேன். உன் புடவையை எடுத்து மோந்து பார்த்தேன். புடவை வாசனைதான் வந்தது.

உனக்கு ஒரு வருடம் முடிகிறது என்று சபையில் நினைவுக் கூட்டம் வைத்தார்கள். பாஸ்டர் ஐயா பத்து நாள் முன்னாலேயே கடைக்கு வந்துவிட்டார். பிரபலமான பாட்டு என்றால் அது பிறந்த கதையைச் சொல்ல வேண்டும் என்பது நம் ஆட்களுக்கு ஒரு வழக்கமாகிப் போயிருக்கிறதே. யார் எந்தக் கஷ்டத்தில் எந்தத் தரிசனம் கண்டு எழுதினார் என்று செல்போனில்கூட ஓயாமல் ஓடுகிறது.

"பிரதர், அஞ்சு நிமிஷம் சாட்சி சொல்லுங்க போதும். சகோதரி விடியக்காலையில ராஜகிரிக் கோட்டை மேல ஏறி ஜெபம் பண்ணி, 'அடுப்ப மூட்டு மகளே' பாட்ட ஆண்டவர்கிட்ட வாங்கினாங்கல்ல, அதச் சொல்லுங்க" என்றார்.

"யார் சொன்னது ஐயா?"

"எல்லாரும் சொல்றாங்களே!"

ராஜகிரியில் நீ ஏறிய அழகு எனக்கல்லவா தெரியும்! கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தரம் கூட்டிப்போனேன். நாலு படி ஏறியதும் முட்டி வலிக்கிறது என்று உட்கார்ந்துவிட்டாய். மிளகாய்த்தூள் போட்ட வெள்ளரிக்காயை எனக்கு ஒரு துண்டுகூடத் தராமல் தின்றாய். பிறகு இறங்கிவிட்டோம். அதன்பின் கோட்டையைப் பஸ் ஜன்னலில் பார்த்ததோடு சரி. இப்போது வெளியூர்க் கூட்டம் நிறைய வருகிறது, கார் நிறுத்த இடமில்லை. உன் பேரைச் சொல்லி நம் சபை ஆட்களும் ஏற ஆரம்பித்திருக்கிறார்கள். ஐயாவிடம் தலையை ஆட்டி வைத்தேன். சிரிப்பு வர வேண்டிய இடம்தான். அதுவும் வரவில்லை.

ஐயா சொன்ன கதையை அப்படியே ஒப்பித்துவிட்டு இறங்கியிருக்கலாம். யாருக்கு நஷ்டம்? ஆனால் கலாவின் நினைவு குறுக்கே வந்துவிட்டது. சபைக்குப் பின்னால் ஓட்டு வீட்டில் இருக்கிறதே, நீ இருந்தபோது கல்யாணமாகி வந்த பெண், அவள்தான். அவளுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. ஐயா கடைக்கு வருவதற்கு ஒரு மாதம் முன்னால், சபையில் குழந்தையை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்து ஜெபித்த அன்று உன் பாட்டுக்கு எல்லாரும் கை தட்டி ஆடினார்கள். கூட்டம் கலைந்த பிறகு நான் ஒயர் சுற்றிக்கொண்டிருந்தேன். அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அண்ணே, அக்கா பாட்டுக்கு எல்லாருக்கும் சந்தோஷம் வருது. எனுக்கு ஒன்னுமே தோணல. புள்ளயப் பாத்தாலும் தோணல. எனுக்கு விசுவாசம் பூட்ச்சா அண்ணே?"

"அதெல்லாம் ஒன்னும் இல்லம்மா, போய்ச் சாப்புடு" என்றேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவள் சபைக்கு வரவில்லை. பெற்ற பிள்ளையைத் தூக்க மாட்டேன் என்கிறாள், கல்நெஞ்சக்காரி என்று அவள் மாமியார் தண்ணீர்க் குழாயடியில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அவளுக்குச் சொல்ல வேண்டிய பதிலை நீ என்றைக்கோ எனக்குச் சொல்லியிருந்தாய். அவலூர்பேட்டையில் ஒரு கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம். பந்தல் போட்டாயிற்று, ஆட்கள் இன்னும் வரவில்லை. ஸ்பீக்கர் பாக்ஸ் சரியாகக் கேட்கிறதா என்று பார்க்க உன்னைப் பாடச் சொன்னேன். காலி நாற்காலிகளுக்கு முன்னால் நின்று நீ அடுப்புப் பாட்டைப் பாடினாய். சமையலுக்கு வந்த பெண்கள் கரண்டியோடு வெளியே வந்து நின்றார்கள்.

"இவ்ளோ சந்தோஷம் உனுக்கு எங்கேர்ந்துடி வருது?" என்று கேட்டேன்.

"சந்தோஷமா? எனுக்கா?" என்றாய். "எனுக்கு ஒன்னுமே தோணறதில்லங்க. ரொம்ப நாளா இப்டிதான் இருக்குது. கால் மரத்துப்போனா கிள்ளினாகூட தெரியாதே, அது மாதிரி. மரத்துப்போச்சேன்னு உக்காந்துகினே இருந்தா சரியாவுமா? நடந்துதான் பாக்கணும். பாட்டு எழுதறது எனுக்கு நடக்கற மாதிரி."

அதோடு விட்டாயா? அந்தப் பாட்டு வந்த விதத்தையும் சொன்னாய். வல்லம் பக்கம் நீ டீச்சராக இருந்த அங்கன்வாடியில் ஒருநாள் சமைக்கிற அம்மா வரவில்லை. நீ அடுப்புக்கு முன்னால் போய் நின்றாய். கையில் தீப்பெட்டி. உரச வேண்டும், அவ்வளவுதான். ஆனால் எதற்கு உரச வேண்டும் என்றே தெரியவில்லை, அப்படியே நின்றுகொண்டிருந்தேன் என்றாய். ஒரு பெண் குழந்தை வந்து உன் முந்தானையைப் பிடித்து இழுத்து, "டீச்சர், பசிக்குது" என்றதாம். உரசினாயாம். அன்றைக்கு வீட்டுக்கு வருகிற பஸ்ஸில் பாட்டு வந்துவிட்டது.

'அடுப்ப மூட்டு மகளே, அவர் பசியோட வராரு
அழுது முடிக்க நேரமில்ல, அவர் வாசலுக்கு வராரு'

இதைத்தான் ஆண்டவர் மலை உச்சியில் கொடுத்தார் என்கிறார்கள். நீ மூன்று வயதுக் குழந்தையிடமிருந்து வாங்கினாய். நீ இதையெல்லாம் சொன்ன அடுத்த வாரமே உன்னைத் திண்டிவனத்துக்கு, மனசுக்குப் பார்க்கிற டாக்டரிடம் கூட்டிப்போனேன். மாத்திரையும் சாப்பிட்டாய், பாட்டும் எழுதினாய். மாத்திரை நல்லதா பாட்டு நல்லதா என்று ஒருநாள் உன்னைக் கிண்டல் செய்தேன். "ரெண்டும் சாப்பாட்டுக்கு அப்புறம்" என்று சொன்னாய். இந்த நக்கலுக்கு மட்டும் உனக்குக் குறைச்சல் இருந்ததே இல்லை.

நம் பெண் ஜெனி சனிக்கிழமை சென்னையிலிருந்து வந்தாள். என்ன பேசப்போகிறேன் என்று சொன்னதும் அவள் முகம் மாறிவிட்டது.

"அத மட்டும் சொல்லாத நைனா. உனுக்கு அறிவிருக்குதா? அம்மாவுக்கு மனசு சரியில்லன்னு ஊரே பேசும்."

"சரியில்லாமத்தான் இருந்துச்சு. அதோடதான் பாட்டு எழுதிச்சு. அதுல இன்னா தப்பு?"

"உனுக்கு இன்னா, நீ இங்கயே இருப்ப. நாளைக்கு என்னயும் அப்படித்தான் பாப்பாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். கல்யாணப் பேச்சு வந்தால் நாலு பேர் நாலு விதமாகச் சொல்வார்கள் என்று பயப்படுகிறாள் என்றுதான் நான் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சபைக்கு முதல் ஆளாகப் போனேன். எப்போதும் இரண்டு பாக்ஸும் ஜனங்களைப் பார்த்துத்தான் இருக்கும். ஒன்றைத் தூக்கிப் பின்பக்க ஜன்னலைப் பார்த்துத் திருப்பி வைத்தேன். சத்தம் எதுவரைக்கும் போகும் என்பது எனக்குத் தெரியாதா? கலா வீட்டு அடுப்படி வரைக்கும் போகும்.

என் பேரைக் கூப்பிட்டார்கள். மேடை ஏறி மைக்கைப் பிடித்ததும் வாய் தானாக, "ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ" என்றது. சபையே சிரித்தது. பாஸ்டர் ஐயாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் சொல்ல ஆரம்பித்துவிட்டேன்.

"எங்க வீட்டுக்காரி மலை ஏறல. அதுக்கு முட்டி வலி. தரிசனமும் பாக்கல. அதுக்கு உள்ள ஒன்னுமே தோணாம இருந்துச்சு. வருஷக்கணக்கா. டாக்டர்கிட்ட கூட்டிம்போனேன், மாத்திரை சாப்ட்டுச்சு. நீங்க கை தட்டிப் பாடற பாட்டெல்லாம் அந்த நாள்ல எழுதினதுதான். ஒன்னுமே தோணலன்னா விசுவாசம் போச்சுன்னு அர்த்தம் இல்ல. எனுக்கும் இப்ப ஒன்னும் தோணல. அவ்ளோதான்."

யாரும் ஆமென் சொல்லவில்லை. பாஸ்டர் ஐயா என் கையிலிருந்து மைக்கை வாங்கி எல்லாரையும் கண்ணை மூடச் சொல்லி ஜெபம் செய்தார். ரொம்ப நேரம் செய்தார். வெளியே வந்தபோது பெரியவர் ஒருத்தர் மட்டும் என்னை நிறுத்தி, "ஒரு தபா கூடவா ஏறல?" என்று கேட்டார். பாவம், அவர் முந்தின வாரம்தான் உன்னை நினைத்து உச்சி வரைக்கும் ஏறியிருக்கிறார்.

மறுநாள் காலையில் கலா குழந்தையைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தாள். ஜெனியும் கடையில் இருந்தாள்.

"அந்த டாக்டர் திண்டிவனத்துல எங்க அண்ணே?" என்று கேட்டாள். இடம் சொன்னேன். அவள் வீட்டுக்காரனுக்குப் போன் போட்டு, நாளைக்கே கூட்டிப் போ என்று நானும் சொன்னேன். பேசி முடிக்கிற வரைக்கும் குழந்தையை ஜெனிதான் வைத்துக்கொண்டிருந்தாள். கலா முகத்தில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. வந்த மாதிரியே போனாள். ஆனால் அவளாக வீட்டை விட்டு வெளியே வந்தாளே, அது போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் ஜெனியைச் சென்னை பஸ் ஏற்றிவிடப் போனேன். பஸ் ஸ்டாண்டில் அவள் என்னை விட்டு முன்னால் நடந்தாள். கோபம் இன்னும் தீரவில்லை என்று நினைத்தேன். சீட் பிடித்து உட்கார்ந்தாள். கண்டக்டர் விசில் கொடுத்தார். அப்போது ஜன்னல் வழியாக என் விரலைப் பிடித்தாள்.

"நைனா, எனுக்கும் அப்படித்தான் இருக்குது. அம்மா போறதுக்கு முன்னாடிலேர்ந்தே. யார்கிட்டயும் சொல்லல."

பஸ் நகர்ந்துவிட்டது. அவள் விரல் கழன்றுவிட்டது.

எனக்கு அப்போதும் ஒன்றும் தோன்றவில்லை, எஸ்தர். பயம்கூடத் தோன்றவில்லை. ஆனால் கால் ஓடியது. பஸ்ஸின் பக்கத்தைத் தட்டிக்கொண்டே ஓடினேன். டிரைவர் கண்டபடி திட்டிக்கொண்டே நிறுத்தினார். ஏறிவிட்டேன். கடை ஷட்டரைப் பாதிதான் இறக்கியிருந்தேன், மாற்றுத் துணி இல்லை, போன் சார்ஜில் கிடக்கிறது. "இன்னா நைனா, நீ எங்க வர்ற?" என்று கேட்டாள். "உன்கூடத்தான்" என்றேன். திண்டிவனம் தாண்டுகிற வரைக்கும் என் தோளில் சாய்ந்து அழுதாள். நான் நேராக உட்கார்ந்திருந்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

இதை ஜெனி ரூமில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். அவள் தூங்குகிறாள். நாளைக்கு டாக்டரைப் பார்க்க நேரம் வாங்கியிருக்கிறோம். கடையை யார் பார்ப்பது, பிடித்த ஆர்டரெல்லாம் என்ன ஆகும் என்று அவள் கேட்டாள். என்னவோ ஆகட்டும் என்றேன்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். என் மனதில் ஏதாவது தோன்றினாலும் சரி, கடைசி வரைக்கும் எதுவுமே தோன்றாவிட்டாலும் சரி, இந்தப் பிள்ளை ஏறுகிற எந்தப் பஸ்ஸையும் இனி நான் கீழே நின்று பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்,
நம் ஜெனியின் நைனா