பச்சை மெஷின்

திங்கட்கிழமை, தபாலில்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. நீ நன்றாக இருக்கிறாய் என்பதை உன் கையெழுத்தே சொல்லிவிட்டது. நாலு பக்கத்தில் ஒரு அடித்தல்கூட இல்லை.

எழுதுவதற்காக இரண்டு மாதம் முகாமில் போய்த் தங்க வேண்டுமா, வீட்டில் மேசை இல்லையா, பேனா இல்லையா என்று நான் கத்தியதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். வேளாவேளைக்குச் சாப்பாடு அறை வாசலுக்கே வருகிறது, செல்போனை வாங்கி ஆபீஸ் அலமாரியில் பூட்டிவிடுகிறார்கள், தட்டுக்கூடக் கழுவ வேண்டாம் என்று எழுதியிருந்தாய். தையல்காரிகளுக்கும் இப்படி ஒரு முகாம் நடத்துகிறார்களா என்று விசாரித்துச் சொல். நாளைக்கே பெட்டியைக் கட்டுகிறேன்.

விளையாட்டு இருக்கட்டும். மில்லில் கொதிகலன் வெடித்து இறந்துபோன அப்பாவைப் பற்றி எழுத வேண்டும் என்று மூன்று வருடமாக உட்காருவாய், முதல் பக்கத்தைத் தாண்டாமல் எழுந்துவிடுவாய். அங்கே போன பன்னிரண்டு நாளில் ஆறு அத்தியாயம் முடித்திருக்கிறாய். சனிக்கிழமை சாயங்காலம் ஆறு பேரும் வட்டமாக உட்கார்ந்து அந்த வாரம் எழுதியதை வாசிப்பீர்களாமே. எங்கே தொய்கிறது என்று மற்றவர்கள் சொல்வார்களாமே. கண்ணை மூடிக்கொண்டே கேட்கிற அந்த நண்பர் உன்னை ரொம்பப் பாராட்டினார் என்று படித்தபோது எனக்கு நிஜமாகவே சந்தோஷம். வீட்டில் உன் எழுத்தைக் கேட்க என்னை விட்டால் யார் இருந்தார்கள்? நானும் பாதியில் பாபினைத் தேட எழுந்துவிடுவேன்.

ஆனால் ஒன்று. இருபத்திரண்டு வருடமாகக் கறுப்பாக இருக்கிற என் தையல் மெஷினை ஒரே வரியில் பச்சையாக்கிவிட்டாயே, கதைக்குக் கறுப்பு ஆகாதா? அப்பாவின் கொதிகலன் குறிப்பேட்டை அம்மா அந்தப் பச்சை மெஷினின் டிராயரில் ஒளித்து வைத்திருக்கிறாள் என்று வேறு அவர்களுக்கு வாசித்ததாக எழுதியிருக்கிறாய். சிரித்துவிட்டேன். அந்த டிராயரில் ஊசிப் பெட்டியைத் தவிர இன்னொன்று நுழையாது. போகட்டும், உண்மையான இடத்தை எழுதாமல் விட்டாயே, அதுவரைக்கும் புத்திசாலி.

நேற்று உன் வாசகர் ஒருவர் வந்திருந்தார். நாற்பது வயது இருக்கும். மடிப்புக் கலையாத சட்டை, பேச்சில் அவ்வளவு மரியாதை. உன் கதை ஒன்று விடாமல் படித்திருக்கிறாராம். ஒரு சட்டையைக் கொடுத்துக் கை நீளத்தைக் குறைக்கச் சொன்னார். டீ போட்டுக் கொடுத்தேன். குடிக்கிற நேரமெல்லாம் வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். எழுத்தாளர் வீடு என்றால் அப்படித்தான் பார்ப்பார்கள் போலிருக்கிறது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

கண்ணைக் கெடுத்துக்கொள்ளாமல் எழுது.

அன்புடன்,
அம்மா

அடுத்த வாரம் வியாழக்கிழமை, மாமா கையில்

என் கண்ணுக்கு,

இதைத் தபாலில் போடவில்லை. மாமாவுக்கு இன்றைக்கு அந்தப் பக்கம்தான் பஸ் டியூட்டி. உன் கையில் மட்டும் கொடு, வேறு யார் கேட்டாலும் கொடுக்காதே என்று என் தம்பியிடம் மூன்று தடவை சொல்லியிருக்கிறேன். படித்ததும் கிழித்துவிடு. மாமா எதற்கு வந்தார் என்று யாராவது கேட்டால் ஸ்வெட்டர் கொடுக்க வந்ததாகச் சொல். அதற்காகவே ஒரு ஸ்வெட்டரையும் கொடுத்தனுப்பியிருக்கிறேன்.

அந்த வாசகர் நேற்று மறுபடி வந்தார். கை இன்னும் அரை அங்குலம் குறைய வேண்டும் என்றார். நான் வைத்த அளவு தப்பாது, உனக்குத் தெரியும். இருந்தாலும் டேப்பை எடுக்கத் திரும்பினேன். முதுகுக்குப் பின்னாலிருந்து கேட்டார்:

"இன்னொரு மெஷின் இருக்குமேம்மா, பச்சைக் கலர்ல. அது எங்க?"

பச்சை மெஷின் இந்த வீட்டில் என்றைக்கும் இருந்ததில்லை. நம்மைத் தெரிந்தவர்கள் யாரும் அப்படிக் கேட்கமாட்டார்கள். நான் தபாலில் போட்ட கடிதத்தை யாராவது பிரித்திருந்தால், அதில் கறுப்பு என்றுதான் படித்திருப்பார்கள். உன் கடிதமோ ஒட்டுக் கலையாமல்தான் என் கைக்கு வந்தது. அது பச்சை என்று நம்புகிறவர்கள், நீ வாசித்ததைச் சுற்றி உட்கார்ந்து கேட்ட ஐந்து பேர் மட்டும்தான். அவர்களில் ஒருவர் உன் வாக்கியங்களை இங்கே அனுப்பிக்கொண்டிருக்கிறார். எல்லோருடைய செல்போனும் அந்த அலமாரிக்குள் இருப்பதாக இனி நம்பாதே.

இது ஒன்றுதான் இருக்கிறது என்றேன். சிரித்தார். செருப்பை மாட்டிக்கொண்டே, மேலே பார்த்துச் சொன்னார்: "தனியா இருக்கீங்க. வயரிங் எல்லாம் பழசாயிடுச்சு. பாத்து இருங்கம்மா."

பயமாக இருக்கிறது. உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல? வால்வு வேலை செய்யவில்லை என்று அப்பா மூன்று நாள் எழுதி, மூன்று நாளும் மேனேஜர் கையெழுத்துப் போட்ட பக்கங்கள் அந்தக் குறிப்பேட்டில்தான் இருக்கின்றன. அப்பாவின் கவனக்குறைவால்தான் ஏழு பேர் செத்தார்கள் என்று மில் சொன்னது பொய் என்று காட்ட நம்மிடம் அதை விட்டால் வேறு எதுவும் இல்லை. மாமா தன் வீட்டுக்கு வரச் சொல்கிறார். நான் கிளம்பினால் பூட்டிய வீட்டை மில்காரர்கள் குடைந்துவிடுவார்கள். நீயும் ஓடி வந்துவிடாதே. நீ கிளம்பினால் குறிப்பேடு இருப்பதை நாமே ஒப்புக்கொண்டதாகிவிடும். கண்ணை மூடிக் கேட்கிறவர்தான் ஆள் என்றும் முடிவு கட்டாதே. நல்ல மனிதராகவும் இருக்கலாம். யாரிடமும் உன் முகம் மாறக் கூடாது.

முகாமுக்குப் போய் என்னடி கிடைக்கப் போகிறது என்று கேட்டேன் இல்லையா? இல்லாத மெஷினைத் தேடி ஒரு மனிதன் வீடு வரைக்கும் வருகிற மாதிரி எழுதக் கற்றிருக்கிறாய். அந்தக் கைதான் இப்போது எனக்கு வேண்டும்.

வருகிற சனிக்கிழமை நீ ஒரு அத்தியாயம் வாசிக்க வேண்டும். அதில் அம்மா அந்தக் குறிப்பேட்டை எரித்துவிடுகிறாள். வீரம், தத்துவம் எல்லாம் வேண்டாம். யாரோ வீட்டுக்கு வந்து கேட்டார்கள், பயந்து எரித்துவிட்டாள், அவ்வளவுதான். பக்கம் பக்கமாகக் கிழித்து அடுப்பில் போடட்டும். கையெழுத்து இருக்கிற பக்கங்கள் கடைசியில் போகட்டும். அட்டை லேசில் பிடிக்காது, புகையும். அதையும் எழுது. எரித்த பிறகு அவள் உன் அப்பாவின் படத்தைப் பார்க்க முடியாமல் திருப்பி வைக்கட்டும். வாசிக்கும்போது உனக்கு அழுகை வந்தால் அடக்காதே. எங்கே தொய்கிறது என்று அவர்கள் சொல்லித் திருத்த இந்தத் தடவை நேரம் இல்லை.

சட்டை தயாராக ஆணியில் தொங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். கதவைத் திறந்ததும் முதலில் அவர் முகத்தைத்தான் பார்ப்பேன். நீ எப்படி எழுதியிருக்கிறாய் என்று அதிலேயே தெரிந்துவிடும்.

நன்றாக எழுது, கண்ணு.

உன்னை நம்பி,
அம்மா