உப்பு பார்க்க ஒரு ஆள்

பிப்ரவரி 8, செவ்வாய்

எலுமிச்சை – இல்லை. கிராம்பு – இல்லை. ரோஜா – இல்லை. யூகலிப்டஸ் – மூக்குக்குள் ஏதோ குளிர்ச்சி. மணம் இல்லை.

நாலு சீசா, காலையும் மாலையும். ஒவ்வொன்றையும் இருபது எண்ணும் வரை முகர்ந்து, தெரிந்ததை நோட்டில் எழுத வேண்டுமாம். டாக்டர் சொல். ஜனவரியில் வந்த காய்ச்சல் ஒரு வாரத்தில் போயிற்று. போகும்போது மூக்கையும் நாக்கையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போயிற்று. "சிலருக்குத் திரும்பி வரும், சிலருக்கு வராது. நீங்க என்ன வேலை பாக்குறீங்க?" என்று கேட்டார். இதே ஆண்டெப் ஊரில் கொண்டைக்கடலை ரொட்டிக் கடை என்றேன். அதற்குப் பிறகு அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, மருந்துச் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிப்ரவரி 11, வெள்ளி

ஐந்து மணிக்குத் திறந்தேன். முந்தைய நாள் ஊறிய கடலை, எலும்புச் சாற்றில் வெந்து, இரண்டு விரலுக்கு நடுவே வெண்ணெயாக நசுங்க வேண்டும். அது விரலுக்குத் தெரிகிறது. உப்பு? சீரகம்? இருபத்தாறு வருடக் கை, அது போன போக்கில் போட்டது.

முதல் ஆள் எப்போதும் பெகிர்தான். மினிபஸ் ஓட்டி ஓய்ந்த மனிதர். என் கடை ஆள் ஜுமாலி, ரொட்டியை விரித்துக் கடலையை அள்ளிப் போட்டு, வெங்காயமும் பார்ஸ்லித் தழையும் தூவிச் சுருட்டிக் கொடுத்தான். ஒரு கடி கடித்தார். என்னை எல்லாரும் உஸ்தா, அதாவது மேஸ்திரி, என்றுதான் கூப்பிடுவார்கள்.

"உஸ்தா, இன்னிக்குக் கடலைய கடல்லயே ஊற வச்சீங்களோ?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பிப்ரவரி 12, சனி

இன்று உப்பே இல்லையாம்.

பிப்ரவரி 27, ஞாயிறு

சீசாக்கள் – நாலும் இல்லை.

நெஸஹத்திடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? என் மனைவி என்னிடம் பேசாதவள் இல்லை. "சாப்பாடு இருக்கு." "தண்ணி வரல." "கதவு பூட்டியாச்சு." சுவருக்கும் சொல்லலாம் அப்படி. பதினோரு வருடமாக இதுதான்.

பதினோரு வருடத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை. அவள் போன் பழுது. பக்கத்து ஊர் நிஸிப்பில் அவள் அம்மாவுக்கு மூச்சு இழுக்கிறது என்று அவள் தங்கை நெர்மின் கடைக்குப் போன் செய்தாள். நான் வீட்டுக்குப் போய்ச் சொல்லி, வண்டி பிடித்து, நாங்கள் போய்ச் சேர்ந்தபோது முகத்தை மூடியிருந்தார்கள்.

இதற்கு மேல் எழுத வேண்டாம்.

மார்ச் 15, செவ்வாய்

திடீரென்று வெயில். நேற்று ஊறப்போட்ட கடலை பதமாக வெந்திருந்தது. அண்டா பார்க்க அழகாக இருந்தது. பதினைந்து பேர் நின்றார்கள். ஜுமாலி மூடியைத் திறந்தான், பின்னால் நகர்ந்தான்.

"உஸ்தா... இது ஊசிப் போச்சே."

"என்னடா உளர்ற."

"நீங்க மோந்து பாருங்க."

குனிந்தேன். ஆவி முகத்தில் அடித்தது. சூடு. அவ்வளவுதான். நான் குனிந்தபடியே இருந்ததை அவன் பார்த்தான். ஐம்பது வயது மனிதன், என்னோடு பதினெட்டு வருடம். காதருகில் வந்து கேட்டான்: "மூக்கு போச்சா?"

தலையாட்டினேன்.

அத்தனை பேர் முன்னாலும் இருவரும் அண்டாவைத் தூக்கிச் சாக்கடையில் கவிழ்த்தோம். பெகிர் மட்டும் பகடி பண்ணவில்லை. அதுதான் — அவரு எதாச்சும் சொல்லியிருக்கலாம்.

மார்ச் 16, புதன்

காலையில் வெந்த கடலையை ஒரு தூக்கில் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். மேசையில் வைத்து, "கொஞ்சம் சாப்பிட்டுப் பாரேன்" என்றேன்.

என்ன விஷயம் என்று அவள் கேட்கவில்லை. ஒரு கரண்டி. மென்றாள். இன்னொரு கரண்டி.

"உப்பு பத்தல. சீரகம் கருகியிருக்கு. எலும்ப ரெண்டு தண்ணி கழுவல." பிறகு என்னைப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரியல?"

"ஜனவரியிலேருந்து."

கரண்டியைக் கழுவி வைத்தாள். "நாளைக்கும் கொண்டாங்க."

'உங்களுக்கு' என்றாள். 'கொண்டாங்க' என்றாள். சுவருக்கு இல்லை, எனக்கு. எழுதி வைக்கிறேன். எதுவும் தோன்றவில்லை, எழுதத்தான் முடிகிறது.

மார்ச் 28, திங்கள்

தூக்கு போய் வருவதற்குள் கடலை ஆறுகிறது, ஆறிய கடலைக்கு உப்பு பார்ப்பது வீண்வேலை என்று சொல்லி, அவளே கடைக்கு வந்துவிட்டாள். ஐந்தரைக்கு. முக்காட்டை இறுக்கிக்கொண்டு அண்டா முன் நின்றாள். வரிசையில் எல்லாரும் ஆண்கள்.

"மிளகாய்த்தூள் எங்க வாங்குறீங்க? செங்கல்லையா அரைக்கிறான்?"

பெகிர்: "அப்படிப் போடு தங்கச்சி! இத நாங்க சொன்னா எங்களுக்கு ரொட்டி கெடைக்காது."

அவள் சிரித்தாள் என்று நினைக்கிறேன். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். வெங்காயம் கண்ணை எரிக்கிறது. அது மட்டும் போகவில்லை.

ஏப்ரல் 2, சனி

நோன்பு. ஒரு மாதம் காலையில் கடை இல்லை. சீசா – இல்லை, இல்லை, இல்லை, குளிர்ச்சி.

மே 1, ஞாயிறு

நாளை பெருநாள். அரிசியும் கறியும் சேர்த்துப் பிசைந்த மாவை நெஸஹத் கடலை அளவுக்கு உருட்டிக்கொண்டிருந்தாள். நானும் உட்கார்ந்தேன். நான் உருட்டியதை அவள் ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்ப உருட்டினாள். "இது கடலையா, பீரங்கிக் குண்டா?" தயிர்க் குழம்பில் உருண்டையும் கொண்டைக்கடலையும் ஒன்றுக்கொன்று தெரியாமல் மிதக்க வேண்டும்.

ஒரு கிண்ணம் சாப்பிட்டேன். சூடு, வழவழப்பு, கடலை உடையும்போது மாவு. ருசி இல்லை. "நல்லாருக்கு" என்றேன்.

"பொய்," என்றாள். கோபம் இல்லாமல்.

ஜூன் 23, வியாழன்

புதுக் கடலை பார்க்க நிஸிப்புக்கு அந்தப் பக்கம், எங்களுக்குக் கடலை தரும் ஹாலிஸின் வயலுக்குப் போனோம். பல்லில் கடித்துத் தேர்ந்தெடுக்க நெஸஹத்தும் வந்தாள். பொழுது விடியும் நேரம். வெயில் ஏறினால் காய் உதிரும் என்று பனி காய்வதற்குள் பிடுங்குகிறார்கள். நானும் நாலு செடி பிடுங்கினேன். இலையிலிருந்த பனி என் விரல் வெடிப்பில் பட்டு எரிந்தது. விரலை வாயில் வைத்தேன்.

புளிப்பு.

ஊசி குத்தினது போல. ஆறு மாதத்தில் முதல் முறை. "புளிக்குது" என்றேன். நெஸஹத் முழுதாகத் திரும்பிப் பார்த்தாள்.

ஹாலிஸுக்கு ஒரே சிரிப்பு. "கடலைச் செடிக்கு வேர்வையே புளிப்புதான் உஸ்தா. எங்க பூர்வீகம் சவுர் பக்கம். அந்த மலையில காட்டுக்கடலை தானா மொளைக்கும். குட்டி குட்டியா, கறுப்பா. காய் காஞ்சதும் படார்னு வெடிச்சு வெதைய எறிஞ்சிடும். மனுசன் கைப்பட்ட கடலைதான் வெடிக்காம, வாய மூடிக்கிட்டே நிக்கும்."

அவன் தண்ணீர் எடுக்கப் போனான். நான் ஏன் அப்போது சொன்னேன்? தெரியல. வாய் அதுவாத் திறந்துச்சு.

"அன்னிக்கு நெர்மின் போன் பண்ணினது, நான் சொன்ன மாதிரி பத்து மணிக்கு இல்ல. ஏழுக்கு."

கையிலிருந்த செடியை அவள் கீழே வைக்கவில்லை.

"சனிக்கிழமை. தெரு வரைக்கும் வரிசை. கூட்டம் கொறையட்டும்னு—"

"தெரியும்."

"தெரியுமா?"

"மையத்து வீட்டிலேயே நெர்மின் சொல்லிட்டா. நீங்க வாயத் திறந்து சொல்லுவீங்கன்னு பாத்தேன். நாப்பதாம் நாள் சொல்லுவாரு. வருசம் திரும்பினா சொல்லுவாரு." செடியிலிருந்து ஒரு காயைப் பறித்தாள். உரித்தாள். தின்னவில்லை. "அம்மா ஒன்பது மணி வரைக்கும் கண்ணு முழிச்சு இருந்தாங்களாம்."

இது எனக்குத் தெரியாது. ஒன்பது மணி. வண்டி பிடித்திருந்தால் எட்டுக்குப் போயிருக்கலாம்.

திரும்பும்போது, "நிஸிப்ல நிறுத்துங்க" என்றாள். நெர்மின் வீட்டு வாசலில் இறங்கினாள். கடலை மூட்டையைப் பற்றி மட்டும் சொன்னாள்: இடது கைப் பக்கத்து வயலில் உள்ளதை எடுக்கச் சொல்லி.

ஜூன் 24, வெள்ளி

கடை. ஜுமாலி உப்பு பார்த்தான்.

ஜூன் 30, வியாழன்

சீசாவைத் திறக்கவில்லை.

ஜூலை 9, சனி

குர்பானிப் பெருநாள். நெர்மினுக்குப் போன் செய்தேன். "அக்கா நல்லாருக்கா. பேச மாட்டேங்குறா. நீங்களும் வர வேணாம் மச்சான்." சரி என்றேன். தயிரும் ரொட்டியும் தின்றேன். வெள்ளையாக இருந்தது.

ஜூலை 18, திங்கள்

ஆறேகால் இருக்கும். வரிசை வழிவிட்டது. நெஸஹத். நிஸிப் மினிபஸ்ஸில் வந்திருக்கிறாள். கையைக் கழுவினாள், கரண்டியை எடுத்தாள்.

"உங்களுக்காக வரல," என்றாள். "கடலை என்ன பாவம் பண்ணுச்சு? ஜுமாலி உப்பு பாக்குறானாம். அவன் டீக்கு அஞ்சு கட்டி சக்கரை போடுறவன்."

"அஞ்சு இல்ல அண்ணி, நாலு," என்றான் ஜுமாலி.

நான் ரொட்டியை விரித்துக்கொண்டிருந்தேன். மன்னிச்சிடு-ன்னு இன்னும் சொல்லவே இல்ல. பதினொன்றரைக்கு அண்டா காலி. கையைத் துடைத்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டாள்.

ஜூலை 19, செவ்வாய்

சொன்னேன். வெங்காயக் கூடைக்குப் பக்கத்தில் நின்று. தலையை ஆட்டினாள். மன்னித்தேன் என்ற ஆட்டலா, கேட்டுக்கொண்டேன் என்ற ஆட்டலா?

ஆகஸ்ட் 6, சனி

தினமும் வருகிறாள். தினமும் போகிறாள். யூகலிப்டஸ் – குளிர்ச்சி. மற்ற மூன்றும் இல்லை. "இனிமே வர வாய்ப்பு கம்மி" என்றார் டாக்டர். நெஸஹத்திடம் சொன்னேன், அன்றே.

ஆகஸ்ட் 25, வியாழன்

கடை முடிந்து ஜுமாலி போய்விட்டான். புது மூட்டையைத் தட்டில் கொட்டி நெஸஹத் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு மணி மினிபஸ் கெளம்பப் போகுது" என்றேன்.

"தெரியும்."

நாலு மணிக்கு ஒன்று உண்டு. அதையும் சொன்னேன். "ம்." மூட்டையில் பாதிகூட ஆகவில்லை. எதிரே ஒரு முக்காலி போட்டு நானும் உட்கார்ந்தேன்.

ஆறு மணிக்குக் கடைசி. பத்து நிமிடம் முன்னாடியே சொன்னேன்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க," என்றாள், "வெளிச்சத்த மறைக்கிறீங்க."